படுக்கையில் ஒன்பதரை மணி நேரம்: ஒரு தூக்கமின்மை நிகழ்வு ஆய்வு

முதல் நாள் அவர் எதிரில் வந்து உட்கார்ந்ததும், "நேத்து ராத்திரி எப்படித் தூங்கினீங்க?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. இடது மணிக்கட்டைத் திருப்பி, கடிகாரத்தை ஒரு தட்டுத் தட்டி, "நாப்பத்தொண்ணு மேடம்" என்றார்.

அவருடைய தூக்கத்துக்கு அந்த ஸ்மார்ட் கடிகாரம் போட்ட மதிப்பெண், நூற்றுக்கு 41. கண் எரிகிறதா, தலை கனக்கிறதா, உடம்பு எப்படி இருக்கிறது என்று நான் கேட்டிருந்தாலும் அவர் கடிகாரத்தைத்தான் பார்த்திருப்பார் என்று தோன்றியது. தன் தூக்கத்தைப் பற்றித் தன்னைவிடக் கடிகாரத்துக்கே அதிகம் தெரியும் என்ற இடத்துக்கு அவர் வந்து சேர்ந்திருந்தார்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கே 'அவர்' என்று நான் எழுதுவது ஒரே ஒருவரை அல்ல. தூக்கம் வராமல் ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் திரும்பத் திரும்பக் காணும் விஷயங்களை ஒருவர் கதையாகச் சேர்த்திருக்கிறேன். அவருடைய மதிப்பெண்களும் நேரக்கணக்கும் அந்த வகையில் சேர்த்தவையே. ஆராய்ச்சி முடிவுகளை மட்டும் உள்ளது உள்ளபடி தந்திருக்கிறேன்.

வந்தபோது இருந்த நிலை

வயது 47. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. கணவர், இரண்டு பிள்ளைகள். 14 மாதங்களாக ஒழுங்கான தூக்கம் இல்லை. வாரத்தில் நான்கைந்து இரவுகள், படுத்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் கண் அசரும். இரண்டு, இரண்டரைக்கு விழிப்பு வந்துவிடும். அப்புறம் விடிய விடியப் புரண்டு புரண்டு படுப்பதுதான். பகலில் ஒரே வரியை மூன்று முறை படிக்க வேண்டியிருக்கிறது. கூட்டலில் தப்பு வருகிறது. சின்ன விஷயத்துக்கெல்லாம் பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறார். "எதுலயும் மனசு ஒட்ட மாட்டேங்குது மேடம். யாராவது வீட்டுக்கு வர்றாங்கன்னாலே பயமா இருக்கு, ராத்திரி நேரமாயிடுமோன்னு" என்றார்.

வாரத்துக்கு மூன்று இரவுகளாவது, மூன்று மாதங்களோ அதற்கு மேலோ, தூங்க நேரமும் இடமும் இருந்தும் தூக்கம் வராமல், அதனால் பகலும் கெட்டுப்போகிறது என்றால் அது நாள்பட்ட தூக்கமின்மை. அவர் அந்த வரையறையை எப்போதோ தாண்டியிருந்தார். தூக்கமின்மையின் கடுமையை அளக்க ஏழு கேள்விகள் கொண்ட ஒரு அளவுகோல் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. மொத்தம் 28, 15 முதல் 21 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. இவருக்கு 21. மனச்சோர்வைக் கணிக்கும் ஒன்பது கேள்விப் பட்டியலில் 27க்கு 13, அதாவது நடுத்தரம். அந்தப் பட்டியலின் கடைசிக் கேள்வி உயிரை விடும் எண்ணம் பற்றியது. பூஜ்யம் போட்டிருந்தார். தாளை மட்டும் நம்பாமல் நேரிலும் கேட்டேன். அப்படி எதுவும் இல்லை.

வேறு காரணங்களையும் விலக்க வேண்டியிருந்தது. தைராய்டு, ரத்தத்தில் இரும்புச்சத்து இரண்டையும் அவருடைய மருத்துவர் ஏற்கெனவே பார்த்திருந்தார், சரியாக இருந்தன. பலத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று திணறுவது, படுத்ததும் கால்களை அசைத்தே ஆகவேண்டும் என்ற குடைச்சல், இவை எதுவும் இல்லை என்று கணவரிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். தூக்கமே தேவைப்படாமல் நாள்கணக்கில் ஒரே உற்சாகமாக இருந்த காலம் முன்பு உண்டா என்றும் கேட்டேன். நான் யோசித்து வைத்திருந்த சிகிச்சை இருமுனை மனநிலைக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆபத்தாக முடியலாம், அதனால்தான். வலிப்பு நோய், தூக்கத்தில் எழுந்து நடப்பது ஆகியவையும் இல்லை.

இனி, மனச்சோர்வை முதலில் எடுப்பதா, தூக்கத்தை எடுப்பதா? தூக்கமின்மை மனச்சோர்வின் வெறும் அறிகுறி, மூலத்தைச் சரிசெய்தால் அதுவும் தானே போய்விடும் என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தோம். அந்த நினைப்பு இப்போது மாறிவிட்டது. 2013இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு, 'முதன்மைத் தூக்கமின்மை' 'இரண்டாம்நிலைத் தூக்கமின்மை' என்ற பிரிவினையையே கைவிட்டு, தூக்கமின்மையைத் தனிக் கோளாறாக வைத்தது. 2021இல் 65 ஆய்வுகளை, 8,608 பேரின் தரவுகளை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, தூக்கத்தைச் சரிசெய்ததால் மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தது தெரிந்தது. தூக்கம் எவ்வளவு கூடுதலாகத் தேறியதோ, மனநலமும் அவ்வளவு தேறியது. 2022இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு எனக்கு மிகவும் முக்கியமானது. 60 வயதைத் தாண்டிய, தூக்கமின்மை உள்ள, ஆனால் மனச்சோர்வு இல்லாத 291 பேரை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு மாதம் ஒரு பாதிக்குத் தூக்கமின்மைக்கான அறிதல்-நடத்தைச் சிகிச்சை, அதாவது மாத்திரை இல்லாமல் தூக்கம் பற்றிய எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் முறை. இன்னொரு பாதிக்குத் தூக்கம் பற்றிய பொது அறிவுரை. மூன்று ஆண்டுகள் கவனித்ததில், அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 25.9 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு வந்தது. சிகிச்சை பெற்றவர்களில் 12.2 சதவீதம் பேருக்குத்தான்.

ஆகவே தூக்கத்திலிருந்தே தொடங்கலாம் என்று முடிவு செய்தேன்.

எங்கே தொடங்கியது

14 மாதங்களுக்கு முன் அவருடைய அம்மா திடீரென்று மூச்சுத் திணறி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மூன்று வாரம் தீவிர சிகிச்சை. ராத்திரி ஒன்றரை மணிக்குத் தம்பியிடமிருந்து அந்த முதல் அழைப்பு வந்தது. அம்மா பிழைத்து வீடு திரும்பினார். மகளின் தூக்கம் மட்டும் திரும்பவில்லை.

ஆர்தர் ஸ்பீல்மன் என்ற உளவியலாளர் 1980களில் சொன்ன ஒரு விளக்கத்தை வருகிறவர்களிடமெல்லாம் சொல்வேன். தூக்கமின்மைக்கு மூன்று வேண்டும்: காய்ந்த விறகு, ஒரு தீப்பொறி, அப்புறம் அதில் எண்ணெய் ஊற்றும் ஒரு கை. சிறு வயதிலிருந்தே கவலைப்படும் சுபாவம், லேசான சத்தத்துக்கும் விழித்துக்கொள்வது, இது விறகு. அம்மாவின் நோய் தீப்பொறி. பொறி அணைந்து ஒரு வருஷம் ஆன பிறகும் நெருப்பு எரிகிறது என்றால் யாரோ எண்ணெய் ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும். தூக்கத்தைத் திரும்பப் பெறுவதற்கு நாம் செய்யும் காரியங்களேதான் அந்த எண்ணெய்.

அவரும் செய்யாத காரியம் இல்லை. 'நேற்றுத் தூங்கவில்லையே, இன்று சீக்கிரம் படுப்போம்' என்று படுக்கும் நேரத்தை பத்தரையிலிருந்து ஒன்பதேகாலுக்குக் கொண்டுவந்தார். காலையில் விழிப்பு வந்த பிறகும் 'கொஞ்சம் கிடைக்குமா' என்று கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பார். விடுமுறை நாள்களில் மதியம் ஒரு மணி நேரம் தூக்கம். மாலை நடையை நிறுத்திவிட்டார், உடம்பு அசதியாக இருக்கிறதே என்று. ஜன்னலுக்குக் கறுப்புத் திரை. மதியத்துக்கு மேல் காஃபீன் உள்ள எதையும் தொடுவதில்லை. படுத்ததும் மூச்சுப் பயிற்சி, நாலு எண்ணி இழுத்து, எட்டு எண்ணி விட்டு.

இரண்டு வாரம் தூக்கக் குறிப்பு எழுதி வரச் சொன்னேன். சராசரி இதுதான்: ஒன்பதேகாலுக்குப் படுக்கை, ஆறேமுக்காலுக்கு எழுவது. படுக்கையில் ஒன்பதரை மணி நேரம். தூங்கியது 5 மணி 40 நிமிடம். நூற்றுக்கு 60. நன்றாகத் தூங்குகிறவர்கள் படுக்கையில் இருக்கும் நேரத்தில் 85 சதவீதமாவது தூங்குவார்கள். அந்தத் தாளை அவர் பக்கம் திருப்பி, மீதியைக் கழித்துக் காட்டினேன். ஒவ்வொரு இரவும் 3 மணி 50 நிமிடம் அந்தக் கட்டிலில் விழித்தபடி, தூக்கத்தோடு போராடியபடி கிடக்கிறார். 14 மாதம்! அந்தக் கட்டில் அவருடைய உடம்புக்கு எதைக் கற்றுக்கொடுத்திருக்கும்? இங்கே வந்தால் விழித்திருக்க வேண்டும் என்பதைத்தான்.

"ஹால்ல டிவி பார்க்கும்போது சொக்கி விழுவேன் மேடம். எழுந்து ரூமுக்குப் போய்ப் படுத்த உடனே பளிச்சுன்னு முழிச்சுக்கும்" என்று அவரே சொன்னார். இந்த ஒரு வரியை எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன் என்று கணக்கில்லை.

பசியைப் போலத்தான் தூக்கமும். விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் அது கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். இதோடு உடம்பின் உள்கடிகாரமும் சேர்ந்து தூக்கத்தை நடத்துகிறது என்று அலெக்சாண்டர் போர்பேலி 1982இல் விளக்கினார். சீக்கிரம் படுப்பதும், மதியம் தூங்குவதும், நடமாட்டத்தைக் குறைப்பதும், சேர்த்த பசியைக் கொறித்தே தீர்த்துவிடுவது போன்றவை. ராத்திரி வரும்போது கையில் ஒன்றும் மிஞ்சாது.

கடிகாரம்

அந்தக் கடிகாரம் மகன் பிறந்தநாளுக்கு வாங்கித் தந்தது. அன்பாகத் தந்தது என்பதால் அதைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டியிருந்தது. கழற்றி வையுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு சோதனை மட்டும் செய்து பார்க்கலாமா என்று கேட்டேன். ஏழு நாள் காலையில், எழுந்து அரை மணி நேரம் ஆன பிறகு, கடிகாரத்தைப் பார்க்காமல் 'இப்போது எப்படி இருக்கிறேன்' என்று பத்துக்கு ஒரு எண் போடவேண்டும். அதற்கு அப்புறம்தான் கடிகாரத்தின் எண்ணைப் பக்கத்தில் எழுத வேண்டும்.

அடுத்த வாரம் கொண்டுவந்த தாளை நான் இன்னும் மறக்கவில்லை. ஐந்தாம் நாள் வரியில் முதலில் 7 என்று எழுதியிருந்தார். பக்கத்தில் கடிகாரத்தின் எண் 38. அந்த 7ஐ அடித்து 4 என்று மாற்றியிருந்தார். அடித்த கோடு தாளே கிழிகிற மாதிரி அழுத்தமாக இருந்தது.

"இதை ஏன் அடிச்சீங்க?"

"தப்பாப் போட்டுட்டேன்னு நெனச்சேன் மேடம். முப்பத்தெட்டு தூங்கிட்டு எப்படி ஏழு இருக்க முடியும்?"

"அந்த ஏழைப் போடும்போது எப்படி இருந்தது?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "நல்லாத்தான் இருந்தது" என்றார், ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்கிற குரலில்.

2018இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் செய்த ஒரு பரிசோதனையை அவருக்குச் சொன்னேன். தூக்கமின்மை உள்ள 63 பேருக்குக் கையில் கட்டும் கருவி தந்து, மறுநாள் காலையில் அவர்களுடைய தூக்கம் பற்றிய முடிவைக் காட்டினார்கள். அந்த முடிவு உண்மையானது அல்ல. குலுக்கல் முறையில் சிலருக்கு 'நன்றாகத் தூங்கினீர்கள்', சிலருக்கு 'மோசம்'. மோசம் என்று பார்த்தவர்களுக்கு அன்று பகல் முழுவதும் உற்சாகம் குறைந்தது, மூளை மந்தமானது போலிருந்தது, தூக்கக் கலக்கமும் கூடியது. அவர்கள் உண்மையில் எப்படித் தூங்கினார்கள் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இப்படிக் கருவியின் எண்ணைத் துரத்தியே தூக்கம் கெடுவதற்கு 2017இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு பெயரே வைத்துவிட்டார்கள்: ஆர்த்தோசோம்னியா. மூன்று நோயாளிகளைப் பற்றிய கட்டுரை அது. கையில் கட்டும் கருவிகள் பெரும்பாலும் அசைவையும் நாடித்துடிப்பையும் வைத்தே கணக்குப் போடுகின்றன. அசையாமல் விழித்துக் கிடந்தால் அதையும் தூக்கக் கணக்கில் சேர்த்துவிடும். ஆழ்ந்த தூக்கம் இவ்வளவு, கனவுத் தூக்கம் இவ்வளவு என்று பிரிப்பதில் இன்னும் தடுமாற்றம் அதிகம்.

தாளைத் திரும்ப வாங்கி, அடித்த 7க்குக் கீழே இன்னொரு 7 எழுதிக் கொடுத்தார். கடிகாரம் அன்றே போய்விடவில்லை. அது மேஜை டிராயருக்குப் போக மூன்று வாரம் ஆயிற்று.

சிகிச்சை

தூக்கமின்மைக்கான அறிதல்-நடத்தைச் சிகிச்சைதான் நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தரவேண்டியது, மாத்திரை அதற்கு அப்புறம்தான் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2016இல் பரிந்துரைத்தது. ஐரோப்பிய வழிகாட்டுதலும் அதையே சொல்கிறது. ஆனாலும் வருகிறவர்களில் பெரும்பாலோர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

அந்தச் சிகிச்சையில் பல பகுதிகள் உண்டு. எந்தப் பகுதி உண்மையில் வேலை செய்கிறது என்பதை 2024இல் ஒரு பெரிய பகுப்பாய்வு பிரித்துப் பார்த்தது. 241 ஆய்வுகள், 31,452 பேர். படுக்கை நேரத்தைக் குறுக்குவது, படுக்கையைத் தூக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வது, தூக்கம் பற்றிய எண்ணங்களைத் திருத்துவது ஆகியவை பலன் தந்தன. இருட்டு அறை, காஃபீன் வேண்டாம் போன்ற பொது அறிவுரைகள் இன்றியமையாதவையாகத் தெரியவில்லை. உடலைத் தளர்த்தும் பயிற்சிகள் பாதகமாகக்கூட முடியலாம் என்று தெரிந்தது.

கடைசியில் சொன்னது என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. நானே பல வருஷம் மூச்சுப் பயிற்சியை எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இவரிடம் கேட்டபோது விஷயம் புரிந்தது. "நாலு எண்ணி இழுக்கும்போதே, வருதா வருதான்னு பார்த்துக்கிட்டே இருப்பேன் மேடம்" என்றார். அவருக்கு அது இளைப்பாறல் இல்லை. தூக்கத்தைப் பிடிக்க வைத்த கண்ணி. காலின் எஸ்பி என்ற ஆய்வாளர் 2006இல் விளக்கியது இதைத்தான்: தூக்கம் தானாக நடப்பது; அதைக் கவனித்து, வரவேண்டும் என்று எண்ணி, முயற்சியும் செய்ய ஆரம்பித்தால் அது நின்றுவிடும். மூச்சுப் பயிற்சி பிடித்திருந்தால் மாலையில் செய்யுங்கள், கட்டிலில் வேண்டாம் என்றேன்.

சரி, முக்கியமான வேலைக்கு வருகிறேன். 5 மணி 40 நிமிடம் தூங்குகிறவருக்குப் படுக்கையில் ஆறு மணி நேரம்தான் அனுமதி. நள்ளிரவு 12க்குப் படுத்து, காலை 6க்கு எழ வேண்டும். விடுமுறை நாளிலும் அதே நேரம். மதியத் தூக்கம் இல்லை. இது 1987இல் ஸ்பீல்மனும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட முறை. யாருக்கும் ஐந்து மணி நேரத்துக்குக் கீழே நான் போவதில்லை. அதோடு ரிச்சர்டு பூட்சின் 1972இலேயே சொன்ன விதியையும் சேர்த்தேன்: கண்ணைச் சொக்கினால்தான் படுக்க வேண்டும், கால் மணி நேரம் போல ஆகியும் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் எழுந்து வேறு அறைக்குப் போய்விட வேண்டும், திரும்பச் சொக்கும்போது வரலாம். கால் மணியை மணி பார்த்து அளக்கக் கூடாது. படுக்கையறையிலிருந்து சுவர்க் கடிகாரத்தையும் எடுத்துவிடச் சொன்னேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "தூக்கம் வரலைன்னு உங்ககிட்ட வந்தா, இருக்கிறதையும் குறைக்கச் சொல்றீங்களே மேடம்!"

நியாயமான கேள்வி. தூக்கத்தைக் குறைக்கவில்லை, விழித்துக் கிடப்பதைத்தான் குறைக்கிறோம் என்றேன். முதல் இரண்டு வாரம் நிலைமை இன்னும் மோசமாகலாம் என்பதையும் மறைக்கவில்லை. அவர் அலுவலகத்துக்கு வண்டி ஓட்டிப் போகிறவர். அந்த இரண்டு வாரம் கணவர் கொண்டுவிடுவதாக ஒப்புக்கொண்ட பிறகே தொடங்கினோம். கனரக வாகனம் ஓட்டுகிறவர்கள், உயரத்தில் ஏறி வேலை செய்கிறவர்களுக்கு இதை இப்படியே தர முடியாது. யாரும் படித்துவிட்டுத் தாங்களாகத் தொடங்கவும் வேண்டாம், குறிப்பாக வலிப்பு, இருமுனைக் கோளாறு, தூக்கத்தில் மூச்சடைப்பு உள்ளவர்கள். ஆனால் இதைத் தர பெரிய நிபுணர்தான் வேண்டும் என்பதும் இல்லை. இங்கிலாந்தில் 642 பேரை வைத்து நடந்து 2023இல் வெளிவந்த ஆய்வில், குறுகிய பயிற்சி பெற்ற செவிலியர்கள் நான்கு அமர்வுகளில் இதே முறையைத் தந்தார்கள். ஆறு மாதம் கழித்துத் தூக்கமின்மை மதிப்பெண் அவர்களிடம் சராசரி 10.9, அறிவுரைத் தாள் மட்டும் பெற்றவர்களிடம் 13.9.

முதல் வாரம் சோதனைதான். பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை என்ன செய்வது என்று தெரியாமல் தவித்திருக்கிறார். முதல் இரண்டு இரவு கணவரும் கூடவே உட்கார்ந்திருந்தார். மூன்றாம் இரவு, அலமாரியின் மேல் தட்டில் கிடந்த பழைய புகைப்படப் பெட்டியை இறக்கி, வருஷவாரியாகப் பிரிக்க ஆரம்பித்தார். அந்த வாரம் தூங்கியது 4 மணி 50 நிமிடம்தான். படுக்கையில் இருந்த நேரத்தில் 81 சதவீதம்.

இரண்டாம் வாரம் வந்தபோது உட்காருவதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிட்டார். "நேத்து பதினொன்றரைக்குக் கண்ணைக் கட்டிக்கிட்டு வந்தது மேடம். போட்டோவைக் கையில வெச்சுக்கிட்டே தலை சாயுது. இப்படி ஒண்ணு இருக்கிறதே மறந்துபோச்சு எனக்கு."

அசதி வேறு, தூக்கம் சொக்குவது வேறு. நம் பேச்சிலேயே இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது. ஆனால் மாதக்கணக்கில் தூங்காதவர்களுக்கு அந்த வேறுபாடு அழிந்துவிடுகிறது. 14 மாதமாக அவர் அசதிக்குப் படுத்துக்கொண்டிருந்தார். இப்போதுதான் தூக்கத்துக்குப் படுக்கிறார். அந்த வாரம் 5 மணி 20 நிமிடம், 89 சதவீதம். படுக்கும் நேரத்தைக் கால் மணி முன்னால் தள்ளி பதினொன்றேமுக்கால் ஆக்கினோம். மூன்றாம் வாரமும் 89 சதவீதம். இன்னொரு கால் மணி.

இடையில் ஒரு சின்ன விஷயம். படுத்ததும் மறுநாள் வேலைகள் வரிசையாக மனதில் ஓடுகின்றன என்றார். 57 இளைஞர்களை ஆய்வகத்தில் தூங்கவைத்து 2018இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், படுப்பதற்கு முன் ஐந்து நிமிடம் இனிச் செய்ய வேண்டிய வேலைகளை எழுதியவர்கள், செய்து முடித்தவற்றை எழுதியவர்களைவிட ஏறக்குறைய ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். நல்ல தூக்கம் உள்ள இளைஞர்கள், ஒரே இரவு. பெரிதாக நம்பிக்கை வைக்க முடியாது. ஆனால் செலவில்லாதது, தீங்கும் இல்லை. புகைப்படப் பெட்டியைத் திறப்பதற்கு முன் பட்டியல் எழுத ஆரம்பித்தார்.

நான்காம் வாரம்

எல்லாம் சரியாகப் போகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது, படுக்கையில் இருந்த நேரத்தில் தூங்கியது 82 சதவீதத்துக்கு இறங்கியது. மூன்று இரவு இரண்டு மணிக்கு விழிப்பு, அப்புறம் தூக்கமே இல்லை. பழைய நிலைக்குப் போய்விட்டோமோ என்ற பயம் அவர் கண்ணில் தெரிந்தது. நான் வழக்கம்போல நேரக்கணக்கை ஆராய்ந்தேன். மதியம் தூங்கினீர்களா? இல்லை. படுக்கையில் கூடுதல் நேரம்? இல்லை. கடிகாரம்? டிராயரில் இருக்கிறது.

"இந்த வாரம் வேற என்ன நடந்தது?"

"ஒண்ணும் இல்லை மேடம். அம்மாவுக்கு செக்கப். எல்லாம் நார்மல்னு சொல்லிட்டாங்க."

அப்போதுதான் கேட்டேன், படுக்கும்போது பக்கத்தில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று. போன். எங்கே? தலையணைக்கு அடியில். சத்தம்? முழுச் சத்தத்தில். எப்போதிலிருந்து? பதில் வர நேரமாயிற்று. அந்த ஒன்றரை மணி அழைப்பு வந்தபோது போன் சார்ஜில், ஹாலில் இருந்திருக்கிறது. தம்பி நான்கு முறை கூப்பிட்ட பிறகுதான் இவர் எடுத்தார். "நாலு தடவை மேடம்" என்றார். கண்ணீரைத் துடைக்கக்கூட இல்லை.

14 மாதமாக அவர் தூங்கப் போகவில்லை. காவலுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

இது என் தவறுதான், வேறு யாருடையதும் அல்ல. தீப்பொறி அணைந்துவிட்டது, இப்போது பழக்கங்கள்தான் எரிக்கின்றன என்று முதல் நாளே தீர்மானித்துவிட்டேன். ஸ்பீல்மன் விளக்கம் அவ்வளவு அழகாகப் பொருந்தியதால், இன்னும் எரிகிற பொறியைத் தேடாமல் விட்டேன். படுக்கை நேரத்தைக் குறுக்கியதில் சேர்ந்த தூக்கப் பசி அந்தக் காவலையும் மூன்று வாரம் அமுக்கி வைத்திருந்தது. அம்மாவுக்குச் செக்கப் என்றதும் காவல்காரி எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

போனை வேறு அறையில் வையுங்கள் என்று சொல்வது அவருக்குக் கொடுமையாக இருந்திருக்கும். அன்றைய அமர்வு முழுவதும் தூக்கத்தைப் பற்றிப் பேசவே இல்லை. அந்த நாலு அழைப்புகளைப் பற்றித்தான் பேசினோம். முதல் அழைப்புக்கும் நாலாவதுக்கும் இடையில் எவ்வளவு நேரம்? ஆறேழு நிமிடம். அந்த நேரத்தில் அம்மா எங்கே இருந்தார்? ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்கள். இவர் முதல் அழைப்பிலேயே எடுத்திருந்தால் என்ன மாறியிருக்கும்? இதற்கான பதிலை நான் சொல்லவில்லை, அவரும் உடனே சொல்லவில்லை.

அந்த வார இறுதியில் தம்பியிடம் பேசியிருக்கிறார். அவன் சொன்னது: "அக்கா, அன்னைக்கு உன்னை எழுப்பணும்னு கூப்பிடலை. எனக்குப் பயமா இருந்துச்சு, அதான்." இருவரும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். அவசரம் என்றால் தம்பி முதலில் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவான், அப்புறம் இவருடைய கணவரை. இவருடைய போன் படுக்கையறை வாசலுக்கு வெளியே ஒரு ஸ்டூலில், தம்பி எண்ணுக்கு மட்டும் ஒலிக்கும்படி. ஐந்து இரவு ஸ்டூலில் இருந்தது. ஆறாம் இரவு தலையணைக்கு அடியில் திரும்ப வந்தது. ஏழாம் இரவு மறுபடி ஸ்டூல். படுக்கும் நேரத்தை அந்த வாரம் மாற்றாமல் பதினொன்றரையிலேயே வைத்தோம். ஐந்தாம் வாரம் 5 மணி 50 நிமிடம், 90 சதவீதம்.

எட்டாம் வாரமும் அதற்குப் பிறகும்

எட்டாம் வாரத்தில் இரவு 11 முதல் காலை 6 வரை படுக்கை, தூங்கியது 6 மணி 25 நிமிடம், 92 சதவீதம். தூக்கமின்மை மதிப்பெண் 21இலிருந்து 8. மனச்சோர்வு மதிப்பெண் 13இலிருந்து 6. மனச்சோர்வுக்கென்று தனியாக ஒன்றும் செய்யவில்லை. மாலை நடை திரும்ப வந்துவிட்டது. விருந்தாளிகள் ராத்திரி பத்தரை வரை இருந்துவிட்டுப் போனதை ஒரு சாதனை போலச் சொன்னார், சாதனைதான்.

இதில் ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். தூக்கத்தின் மொத்த நேரம் கூடியது வெறும் 45 நிமிடம். எட்டு மணி நேரத் தூக்கம் அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. 8 என்ற மதிப்பெண்ணும் 'தூக்கமின்மை இல்லை' என்ற எல்லைக்கு ஒன்று மேலேதான் இருக்கிறது. ஆனால் இரவில் விழித்துக் கிடந்தது 3 மணி 50 நிமிடத்திலிருந்து 35 நிமிடமாகக் குறைந்துவிட்டது. என் பார்வையில் அவருடைய பகல்களைத் திருப்பித் தந்தது அந்தக் கணக்கு. கூடுதலாகக் கிடைத்த முக்கால் மணித் தூக்கத்தை நான் அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். 'எட்டு மணி நேரம் தூங்கியே ஆகவேண்டும்' என்று எல்லோருக்கும் ஒரே அளவாகச் சொல்வது, தூக்கம் வராதவர்களை இன்னும் பயமுறுத்தத்தான் உதவுகிறது.

ஒருவரை வைத்துப் பொது விதி எழுத முடியாது. அம்மாவின் உடல்நிலையும் அந்த இரண்டு மாதத்தில் தேறியது. கணவர் கூட இருந்தார். வாரம் ஒரு முறை ஒருவர் முழுக் கவனத்தோடு கேட்டதற்கும் பலன் இருந்திருக்கும். இவற்றைப் பிரித்து எது எவ்வளவு என்று சொல்ல இந்த ஆய்வால் ஆகாது.

ஆறு மாதம் கழித்து வந்தார். இடையில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து இரண்டு இரவு தூக்கம் போனதாம்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன மேடம், எழுந்து ஹால்ல உட்கார்ந்தேன். வந்தப்போ போய்ப் படுத்தேன். பெட்டியில எண்பத்தேழாம் வருஷம் வரைக்கும் பிரிச்சாச்சு."

என் முதல் நாள் கேள்வித் தாளில் படுக்கும் நேரம், எழும் நேரம், காஃபீன், குறட்டை எல்லாம் இருந்தன. அவர் போன பிறகு பேனாவை எடுத்து அதன் அடியில் ஒரு வரி சேர்த்தேன். இப்போது வருகிற எல்லோரிடமும் அதைக் கேட்கிறேன்: "படுக்கும்போது தலைமாட்டில் என்ன வைத்துக்கொள்கிறீர்கள், எப்போதிலிருந்து?"